ஏழாவது டிவிஷன் முதலாளி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இருநூறு ஆண்டுகள் நம்மை ஆண்ட இங்கிலாந்து தேசத்தின் ஒரு பகுதி, சென்ற தை மாத வளர்பிறையில், கருமத்தம்பட்டி விசைத்தறி அதிபர் பொங்கியண்ணன் அவர்களின் ஆளுகைக்குள் வந்துவிட்டது. கொங்கு நாட்டின் வடக்கு எல்லை இனிமேல் பெரும்பாலை ஊரோடு நிற்காது. கடல்களைத் தாண்டி ஆட்டர்பி வரை நீளும்.

நால்ரோட்டில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனரின் சாரம் இதுதான். பேனரில் பொங்கியண்ணன் கோட்டும் டையும் போட்டுக் கைகட்டி நின்றார். பின்னால் லண்டன் மணிக்கூண்டு, காலடியில் ஒரு கால்பந்து. கோட் அவருடையதல்ல. ஃபிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஊருக்கே பொதுவாக இருக்கும் கோட் அது. போன மாதம்தான் ஒரு காதுகுத்து பேனரில் தாய்மாமன் ஒருவர் அதைப் போட்டிருந்தார். 'ஆங்கிலேயனை வாங்கிய எங்கள் அண்ணனே!' என்ற வரிக்குக் கீழே, வாங்கப்பட்ட பொருளின் பெயர் இருந்தது: ஆட்டர்பி டவுன் கால்பந்துக் கழகம், தோற்றம் 1889.

வாங்கிய கதை பேனரில் இல்லை.

பொங்கியண்ணனின் மகள் லோகப்பிரியா இங்கிலாந்தின் வடக்கே மேல்படிப்பு படித்துவிட்டு வந்து, சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். படிக்கும் காலத்தில் சனிக்கிழமை பொழுது போகாமல் பக்கத்து ஊரான ஆட்டர்பிக்கு மேட்ச் பார்க்கப் போவாள். ஆட்டர்பி ஒரு காலத்தில் கம்பளி நெய்த ஊர் என்பதால் டீமுக்கே 'கம்பளிக்காரர்கள்' என்றுதான் பட்டப்பெயர். பெரிய முதலாளிகள் யாரும் சீந்தாத அந்தக் கிளப்பை ரசிகர்களே ஆளுக்கொரு பங்கு போட்டு நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பங்கின் விலைக்கு நாலு பேர் சுமாரான ஓட்டலில் டிபன் சாப்பிடலாம். தறிக்கார அப்பாவுக்குக் கம்பளிக்கார டீம் பொருத்தமாக இருக்குமே என்று அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு பங்கு வாங்கினாள் லோகப்பிரியா.

தபாலில் சான்றிதழ் வந்தது. தடித்த காகிதம், தங்க நிற முத்திரை. 'திரு. பொங்கியண்ணன் அவர்கள் இன்று முதல் ஆட்டர்பி டவுனின் உரிமையாளர்களில் ஒருவர் என்பதை அறிவிப்பதில் பெருமிதம் கொள்கிறோம்.' இங்கிலாந்துக்காரர்கள் எதையும் மரியாதையாக எழுதுவார்கள். பொங்கியண்ணன் தனக்கு மரியாதையாக எது வந்தாலும் அப்படியே நம்புவார்.

"ஏனுங்க, மொத்தம் எத்தன ஓனருங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி சாமியாத்தாள்.

"ஆயிரத்துச் சொச்சம் பேரும்மா," என்றாள் லோகப்பிரியா.

"இருந்துட்டுப் போகட்டும் கண்ணு," என்றார் பொங்கியண்ணன். "பாகம் பிரிக்காத பூமீல இது என்றது, அது உன்றதுன்னு கோடு போட முடியுமா? ஒவ்வொருத்தனும் மொத்தத்துக்கும் சொந்தக்காரன்தான்."

"அப்பா, இது ஒரு கிஃப்டுப்பா. ஃப்ரேம் போட்டு மாட்டிக்கலாம். அவ்வளவுதான்."

"மாட்டிப்போடலாம். மாட்டிப்போட்டு நிர்வாகமும் பாக்கலாம்."

நிர்வாகம் பார்க்க ஓர் ஆலோசகர் தேவைப்பட்டார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றின் விளையாட்டு ஆசிரியர் சத்தியசீலன் அந்தப் பொறுப்பை ஏற்றார். தினமும் பொழுதோடு வந்து, சாமியாத்தாள் கொடுக்கும் பலகாரத்தைச் சாப்பிட்டபடி இங்கிலாந்துக் கால்பந்தை விளக்குவார்.

"உச்சாணில பிரீமியர் லீக்குங்கண்ணா. அதுக்குக் கீழ சாம்பியன்ஷிப்பு. அதுக்குக் கீழ லீக் ஒன்னு, லீக் டூ. அதுக்கும் கீழ போயிட்டே இருந்தீங்கன்னா, ஏழாவது படீல நம்ம டீம் உக்காந்திருக்குதுங்க."

"ஏழு நல்ல நம்பர்தானுங் மாஸ்டர்?"

"நம்பர் நல்ல நம்பர்தானுங்க. மேல இருந்து எண்ணோணும், அவ்வளவுதான்."

கிளப்பின் வரலாற்றையும் சத்தியசீலன் இணையத்தில் படித்துச் சொன்னார். நூற்று முப்பது வருடத்துக்கு மேற்பட்ட அந்த வரலாற்றில் ஒரு பொற்காலம் உண்டு. 1953ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பையின் இரண்டாம் சுற்றில் ஒரு பெரிய டீமிடம் ஆறு கோல் வாங்கித் தோற்றார்கள். பொற்காலம் அந்த ஒரு நாள்தான். மைதான வாசலில் கல்வெட்டு வைத்திருக்கிறார்களாம். தோற்றதற்குக் கல்வெட்டு வைக்கிற ஊர் என்றதும் பொங்கியண்ணனுக்கு மரியாதை இன்னும் கூடிவிட்டது. "பெருந்தன்மையான சனம்," என்றார்.

இதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. விசைத்தறியாளர் சங்கத்துக்குப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தது.

இந்தச் சங்கத்தில் தேர்தல் என்ற ஒன்று நடந்ததே இல்லை. எல்லாம் ஒருமனதுதான். ஒவ்வொரு முறையும் பொங்கியண்ணன் பெயரை யாராவது சொல்வார்கள். அவர் மரியாதைக்கு, "எனக்கெதுக்குங்க, மச்சான் இருக்கறாரு, அவரே பாத்துக்கட்டும்," என்பார். மச்சான் என்பது சாமியாத்தாளின் அண்ணன் கந்தப்பன். கந்தப்பன் மரியாதை தெரியாத மனிதர். உடனே சரி என்றுவிடுவார். இப்படி மூன்று முறை நடந்து, மூன்று முறையும் மேடையில் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வலித்துப்போயிருந்தது பொங்கியண்ணனுக்கு. இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். இங்கிலாந்தில் ஒரு கிளப்பையே நடத்துகிறவனுக்கு இந்தச் சங்கம் எம்மாத்திரம்? பேனரே அதற்காகத்தான்.

கந்தப்பனும் பேனரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மருமகன் ஒருவன் உதவியோடு அந்த லீக்கின் புள்ளிப்பட்டியலை பிரிண்ட் எடுத்துச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். இருபத்திரண்டு டீம். பதினெட்டாவது இடத்தில் ஆட்டர்பி டவுன். அதைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம்.

சங்கக் கூட்டம் தொடங்கியதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"ஏனுங் மாப்ளே, நீங்க வாங்குன டீமு பட்டியல்ல எங்கீங்க இருக்குது? நானும் மேல இருந்து தேடறேன், தேடறேன், கண்ணாடிய மாத்தோணுமாட்ட இருக்குதுங்."

கூட்டம் சிரித்தது.

"பதினெட்டுங் மச்சான்," என்றார் பொங்கியண்ணன் விறைப்பாக. "அதுக்குக் கீழயும் நாலு டீமு இருக்குதுங்."

"அந்த நாலும் கீழ் டிவிசனுக்குப் போகுதாமா. நம்முளது இன்னுமொரு படி வழுக்குனா அதுவும் சேந்து போகுமாமா. எட்டாவது டிவிசன் ஓனரு எங்களுக்குத் தலைவரா வந்தா நாங்க எந்த ஊர்லீங்க தலை காட்டறது?"

"என்ற டீமு எறங்காதுங்."

"எறங்கிப்போட்டா?"

அப்போதாவது அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கலாம். பக்கத்தில் சொம்பும் இருந்தது. பொங்கியண்ணன் எழுந்து நின்றார்.

"எறங்கிப்போட்டா நான் போட்டீல இருந்து வெலகிக்கறேனுங். நீங்களே நிரந்தரமா இருந்துக்கங்க!"

"அட, வாக்குக் குடுத்துப்போட்டாருங்க மாப்ள!" என்று கந்தப்பன் கைதட்டினார். சங்கமே கைதட்டியது. பொங்கியண்ணன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். தலைவர் யார் என்பதை சீசன் முடிந்ததும் முடிவு செய்யலாம் என்று கூட்டம் கலைந்தது.

சித்திரை பிறந்து சீசனின் கடைசி வாரமும் வந்தது. ஆட்டர்பி இன்னும் பதினெட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி மேட்ச் சொந்த மைதானத்தில், டன்மியர் ரோவர்ஸ் என்ற வசதியான டீமோடு. டிரா செய்தால் போதும், தப்பித்துவிடலாம். தோற்றால் பத்தொன்பதாவது இடம். பத்தொன்பது என்றால் எட்டாவது டிவிஷன்.

"டிராங்கறது பெரிய விசயமில்லீங்கண்ணா," என்றார் சத்தியசீலன், சாமியாத்தாள் சுட்ட இனிப்புக் கச்சாயத்தைக் கடித்தபடி. "பதினொரு பேரும் கோலுக்கு முன்னால நின்னுட்டாப் போதும். நம்ம கோல்கீப்பர் டேரன் நல்ல ஆகிருதி. பிளம்பருங்க. நின்னான்னா பாதி கோல் மறைஞ்சிரும்."

"டன்மியர்காரன் நம்ம ஊட்டுக்கு வர்றான்," என்றார் பொங்கியண்ணன் பெருமூச்சோடு. "வந்து நம்முளையே கவுத்துப்போட்டுப் போயிருவானோ என்னமோ."

உள்ளேயிருந்து வந்த சாமியாத்தாளின் காதில் முதல் வாக்கியம் மட்டும் விழுந்தது.

"ஊட்டுக்கு வர்றாங்களா? சோத்துக்கு என்னங்க ஏற்பாடு?"

சத்தியசீலன் அடுத்த கச்சாயத்தை எடுத்தார். சாமியாத்தாள் விடவில்லை.

"இத்தன பேரு ஒரம்பரையா, விருந்தாளியா வர்றாங்க. ஓனரு நீங்க. வெறும் வயித்தோட அனுப்பிச்சு வெச்சா அந்த ஊர்ல நம்முளப் பத்தி என்ன பேசுவாங்க?"

சத்தியசீலனின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "அக்கா சொல்றது சரிங்கண்ணா! மேட்ச்சுக்கு முன்னாடி எதிராளிக்கு நல்லா போட்டுப்போடலாம். பிரியாணியத் தின்னுபோட்டு எவனுங்க ஓடுவான்?"

பொங்கியண்ணன் நிமிர்ந்தார். தர்மமும் ஆயிற்று, தந்திரமும் ஆயிற்று. ஒரு முதலாளி யோசிக்க வேண்டியது இப்படித்தான்.

"ஒரம்பரைக்கு மட்டுமா?" என்றாள் சாமியாத்தாள். "நம்ம பசங்களச் சும்மா உக்கார வெச்சுப்போட்டு வந்தவங்களுக்கு மட்டும் எல போடுவீங்களா? பாக்கற சனம் காறித் துப்பாது? ரெண்டு பந்தியும் போடோணும்."

"இல்லீங்க்கா, நம்ம பசங்க…" என்று சத்தியசீலன் தொடங்கினார். அவர் தட்டில் இன்னும் இரண்டு கச்சாயம் விழுந்தன. ஆலோசகரின் கருத்து அதற்குமேல் பதிவாகவில்லை.

லோகப்பிரியா மட்டும் கொஞ்சம் போராடினாள். "அம்மா, மேட்ச்சுக்கு முன்னாடி அவங்க லைட்டா ஏதாவது சாப்பிடுவாங்கம்மா. வாழைப்பழம் அந்த மாதிரி."

"சரி, வாழப்பழமும் வெக்கச் சொல்லு அம்மணி."

ஆட்டர்பியில் ஒரே ஓர் இந்திய உணவகம் உண்டு. அதை நடத்துபவர் பங்களாதேஷ்காரர். லோகப்பிரியா போன் செய்து சொன்னதும் அவர் இரண்டு முறை எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டார். மட்டன் பிரியாணி, கோழிக்கறி, நான், பருப்பு, குலாப் ஜாமூன், வாழைப்பழம். வாழையிலை கிடைக்காது என்றது ஒன்றுதான் சாமியாத்தாளுக்குக் குறை.

சனிக்கிழமை. இங்கே நாலரை மணி வெயில்; அங்கே மத்தியானம். மூன்று மணிநேரத்தில் மேட்ச். பந்தியை வீடியோ காலில் மேற்பார்வை பார்க்க சாமியாத்தாள் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்தாள். மொழிபெயர்க்க லோகப்பிரியா பக்கத்தில் இருந்தாள். அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பிரெண்டா என்ற வயதான அம்மாள். ஆட்டர்பி டவுனின் செயலாளர், டிக்கெட் கொடுப்பவர், ஜெர்சி துவைப்பவர் எல்லாம் அவரேதான்.

டன்மியர் ரோவர்ஸ் பஸ்ஸில் வந்து இறங்கியது. ஆளுக்கொரு டப்பா கையில். டீமின் உணவு நிபுணர் அளந்து கொடுத்த வேகவைத்த கோழியும் கீரையும் அதில் இருந்தன. விருந்தைப் பார்த்து, மூக்கை விரித்து, அன்பாக நன்றி சொல்லி, மறுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"என்ன கண்ணு, ஒரம்பரை கைநனைக்காமப் போறாங்க?" என்று பதறினாள் சாமியாத்தாள்.

"டயட்டாம்மா."

"பாவம், சீக்காளிகளாட்ட இருக்குது. சரி, அவிய பங்கையும் நம்ம பசங்களுக்கே வெக்கச் சொல்லு. வீணாப் போகக்கூடாது."

ஆட்டர்பி டீமில் உணவு நிபுணர் கிடையாது. ஒருவர் பிளம்பர், ஒருவர் தபால்காரர், இருவர் மரக்கடை, மற்றவர்களும் அப்படித்தான். இந்தியாவிலிருந்து உரிமையாளர் குடும்பம் விருந்து அனுப்பியிருக்கிறது, அந்த அம்மா போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார், தட்டில் மிச்சம் வைத்தால் அவமரியாதை என்று பிரெண்டா காதோடு காதாகச் சொல்லிவைத்திருந்தார். பயிற்சியாளர் முதலில் நெற்றியைச் சுருக்கினார். ஒரு வாய் தின்று பார்த்தார். பிறகு தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டார்.

அங்கேதான் இரண்டு மரியாதைகள் மோதிக்கொண்டன. விருந்தளிப்பவர் பார்க்கும்போது தட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய மரியாதை. காலித் தட்டைக் கண்டால் நிரப்பிவிட வேண்டும் என்பது கொங்கு நாட்டு மரியாதை.

"டேரன் போதும்ங்கறாரும்மா," என்றாள் லோகப்பிரியா.

"ஒருக்காத்தானே சொன்னாரு? வெக்கப்படறாரு. இன்னொரு கரண்டி."

"ரெண்டாவது தடவையும் சொல்லிட்டாரும்மா."

"ரெண்டு தடவ சொன்னா, அது சோறு வெக்கறதுக்கு. இன்னும் கறி வெக்கவே இல்லையே. மூணாவது தடவ சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்."

மூன்றாவது தடவை டேரனால் சொல்ல முடியவில்லை. வாயில் ஜாமூன் இருந்தது. கட்டைவிரலை மட்டும் உயர்த்தினார்.

"பாத்தியா! இன்னும் ஒன்னு கேக்கறாரு."

ஏழரை மணிக்குச் சங்கக் கட்டடத்தில் புரொஜக்டர் போட்டார்கள். கந்தப்பன் முதல் வரிசையில், முதல் நாற்காலியில். பொங்கியண்ணன் இரண்டாவதில். சத்தியசீலன் பின்னால் நின்று விளக்கவுரை. அந்த லீக்கில் ஒரே ஒரு கேமராதான். அதுவும் ஒரு கம்பத்தின் மேல். அவ்வப்போது யாரோ ஒருவரின் குடை பாதித் திரையை மறைத்தது.

மறைத்தது நல்லதுதான். குடை விலகிய நேரமெல்லாம் ஆட்டர்பியின் வீரர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஓட வேண்டிய இடத்திலும் ஒரு கையை இடுப்பில் வைத்து, கோயில் பிரகாரத்தில் மூன்றாவது சுற்று வருகிறவர்கள் மாதிரி நடந்தார்கள்.

"இது ஒரு யுத்திங்கண்ணா," என்றார் சத்தியசீலன். "எதிராளியக் களைப்படைய வெக்கறது."

முதல் கோல் விழுந்தது. டேரன் பந்துக்காகக் குனிந்தார். குனிந்தவர் பந்து போன பிறகும் அப்படியே இருந்தார்.

"நிமுரச் சொல்லுங் மாப்ளே," என்றார் கந்தப்பன். "வெவரம் தெரியாதவன் பாத்தா சாமி கும்புடறான்னு நெனச்சுக்குவான்."

இரண்டாவது கோலின்போது தபால்காரர் ஏப்பம் விட்டார் என்று சிலர் சத்தியம் செய்தார்கள். ஒலி அவ்வளவு தெளிவில்லை. மூன்றாவது கோலுக்கு மரக்கடைக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, நீ போ என்று மரியாதையாக விட்டுக்கொடுத்தார்கள். இடைவேளைக்குப் பிறகு பயிற்சியாளர் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கினார். அவர்களும் அதே பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான்.

"அதென்னுங் மாப்ளே, நாலாம் நம்பர்க்காரன் புல்லு மேல சாஞ்சுபோட்டான்? வெத்தல பாக்கு வெக்க மறந்துட்டீங்களாட்ட இருக்குது!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பொங்கியண்ணன் சிரிக்கவில்லை. திரையின் ஓரத்தில் இருந்த எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் நாற்காலிக்கும் அவர் நாற்காலிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

ஐந்துக்குப் பூஜ்யம். பத்தொன்பதாவது இடம்.

புரொஜக்டரை நிறுத்தினார்கள். எல்லோரும் பொங்கியண்ணனைப் பார்த்தார்கள். அவர் எழுந்து துண்டைச் சரிசெய்தார்.

"வாக்கு வாக்குதானுங் மச்சான். நான் வெலகிக்கறேனுங். நீங்களே பாத்துக்கங்க."

"அட, விடுங் மாப்ளே. வெளையாட்டுக்குப் பேசுனத எல்லாம்…" என்றார் கந்தப்பன்.

"இல்லீங் மச்சான். சொன்னா சொன்னதுதானுங்."

"செரீங்க. அப்படீன்னா நானே பாத்துக்கறேன்."

சாமியாத்தாள் கணக்குப்படி மூன்று முறை மறுத்திருக்க வேண்டும். அவளுடைய சொந்த அண்ணன் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் அவள் வாசலிலேயே காத்திருந்தாள். "ஏனுங்க, அந்த பிரெண்டா அம்மா மறுக்காவும் போன் பண்ணுச்சு. ஒரு பருக்கை மிச்சமில்லையாமா! அவங்க கிளப்பு ஆரம்பிச்சதுல இருந்து இப்படி ஒரு விருந்து நடந்ததே இல்லைன்னு கண்ணுல தண்ணி விட்டுதுங்க."

"ஆமா சாமியாத்தா. எனக்கும் நடந்ததில்ல."

"அடுத்த வருசமும் போடோணுங்க."

லோகப்பிரியா அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சாரிப்பா. பிறந்தநாளுக்கு ஒரு வாட்சே வாங்கிக் குடுத்திருக்கலாம்."

"விடு கண்ணு," என்றார் அவர். துண்டை உதறி மடித்துவிட்டுக் கேட்டார்: "எட்டாவது டிவிசன்ல எத்தன டீமு?"

வைகாசி முதல் முகூர்த்தத்தில் கந்தப்பன் மாலை மரியாதையோடு பதவியேற்றார். மூன்று வருடத்துக்கு அவரே தலைவர் என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. முன்மொழிந்தவர் பொங்கியண்ணன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய உத்தமர் என்று அன்றைக்கு எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். கொங்கு மண்ணின் பண்பு, நாணயம், விருந்தோம்பல் மூன்றைப் பற்றியும் கந்தப்பன் உருக்கமாக உரையாற்றினார்.

மே மாதக் கடைசியில், அதே ஏழாவது டிவிஷனில் இருந்த வேறொரு கிளப் நடத்த முடியாமல் மூடப்பட்டது. அப்படி ஓர் இடம் காலியானால், இறங்கிய டீம்களில் மேலே, அதாவது பத்தொன்பதாவது இடத்தில், இருப்பதைத் திரும்ப வைத்துக்கொள்வது அங்கே வழக்கம்.

ஆட்டர்பி டவுன் இறங்கவில்லை.